முத்தியில் "நான்" இருக்கிறேனா? ஒன்றாதல், வேறாதல், உடனாதல்: விவாத இழை

பெண்ணைக்கரை (1)

உயிரும் சிவமும் "ஒன்றாய், வேறாய், உடனாய்" நிற்கும் என்பது சைவ சித்தாந்தத்தின் மையக் கருத்து. மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லும்போது எதையும் சொல்லாதது போலவே படுகிறது. என் கேள்வி இது: முத்தியில் உயிர் சிவத்தோடு ஒன்றாகிவிட்டால் அந்த இன்பத்தை நுகர்வது யார்? நுகர ஒருவர் இருந்தால் அங்கே இரண்டு பொருள் உண்டு. பிறகு அத்துவிதம் என்ற பெயர் எதற்கு? "பாதி ஒன்று, பாதி வேறு" என்று சமன்செய்து சொல்லும் விடை எனக்கு வேண்டாம். சூத்திரம், வெண்பா, உரை என்று நூல்வழியாக விளக்குங்கள்.

மாபாடியம் (2)

பாதி பாதி என்பது சித்தாந்தத்தின் விடையே அல்ல. அதைப் பேதாபேதம் (வேறும் ஆம், ஒன்றும் ஆம் என்பது) என்று பெயர் சொல்லி மறுக்கிறார்கள். அதை முதலில் மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

சொல்லிலிருந்து தொடங்குவோம். "அத்துவிதம்" என்பதில் உள்ள எதிர்மறை "அ" மூன்று பொருள் தரும்: இன்மை, அன்மை, மறுதலை. இன்மை என்று கொண்டால் "இரண்டாவது பொருளே கிடையாது" என்றாகும். அன்மை என்று கொண்டால் "இரண்டு அல்ல" என்றாகும், அதாவது பொருள் இரண்டு இருந்தும் இரண்டாய்ப் பிரிந்து நிற்கவில்லை. சிவஞான போதத்தின் ஆசிரியர் மெய்கண்டார் கொண்டது அன்மை. சிவஞான முனிவர் அந்நூலுக்கு எழுதிய மாபாடியம் என்ற உரையில் இதற்கு ஒப்புக் காட்டும் சொல் "அநேகம்". ஏகம் இல்லை, ஆகவே ஒன்றுமே இல்லை என்று யாரும் அதற்குப் பொருள் கொள்வதில்லை. ஒன்று அல்ல, பல என்றே கொள்கிறோம். எண்ணுப்பெயரின் முன் வரும் எதிர்மறை அன்மையைத்தான் தரும் என்பது அவர் வாதம்.

சிவஞான போதம் இரண்டாம் சூத்திரத்தின் வார்த்திகத்தில், அதாவது சூத்திரத்தை விளக்கும் உரைநடைப் பகுதியில், மெய்கண்டாரே கேள்வியை எதிர்கொள்கிறார். அத்துவிதம் என்றால் ஏகம் என்று சொல்வாயானால், ஏகம் என்று சுட்டுவதற்கு ஒருவன் வேண்டும் அல்லவா? ஆகவே அந்தச் சொல் "அந்நிய நாத்தி"யை உணர்த்துகிறது என்கிறார். அந்நியமாய் நிற்றல் இல்லை என்பது அதன் பொருள். பொருளின் எண்ணிக்கையை அந்தச் சொல் சொல்ல வரவில்லை, பொருள்களுக்கு இடையே உள்ள தொடர்பைச் சொல்கிறது. உங்கள் கேள்வி இடறும் இடம் இதுதான்.

அடுத்து அந்த மூன்று. கலப்பினால் ஒன்று, பொருள்தன்மையால் வேறு, உயிர்க்குயிராய் இருந்து செலுத்துவதால் உடன். ஒவ்வொன்றும் வேறு நோக்கிலிருந்து சொல்லப்படுகிறது. ஒரே நோக்கில் ஒன்று என்றும் வேறு என்றும் சொன்னால் அது முரண். இங்கே முரணுக்கு இடமே இல்லை.

எழுத்ததிகாரம் (3)

இதற்கு உமாபதி சிவம் திருவருட்பயனில் ஓர் இலக்கண உவமை சொல்கிறார்: "தாடலைபோல் கூடியவை தான்நிகழா வேற்றின்பக் கூடலைநீ ஏகமெனக் கொள்." பலரும் இதை மேலோட்டமாகக் கடந்துவிடுகிறார்கள். புணர்ச்சியைப் பிரித்துப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும்.

தாள் + தலை = தாடலை. நெட்டெழுத்தை அடுத்த ளகரத்தின் முன் தகரம் வந்தால், அல்வழியில் தகரம் டகரமாகத் திரியும், ளகரம் கெடும். "வாள் + தீது = வாடீது" போல. வேற்றுமைப் புணர்ச்சியானால் ளகரமும் டகரமாகி "தாட்ட-" என்று இரட்டித்திருக்கும். ஆசிரியர் இரட்டிக்காத வடிவத்தை எடுத்ததால் இது தாளும் தலையும் என்ற அல்வழித் தொடர். தாளுக்கு உடைமையான தலை என்று பொருள்படாது.

இப்போது அந்த "ட்"டைக் கவனியுங்கள். நாவை வளைத்து ஒலிக்கும் இடம் ளகரத்திலிருந்து வந்தது. வல்லின ஓசை தகரத்திலிருந்து வந்தது. காதுக்குக் கேட்பது ஒரே ஒலி, அதில் இரண்டும் இருக்கின்றன. எது ள், எது த் என்று கீறிக் காட்ட முடியாது. ஒரு சொல்லாக ஒலிக்கிறது, பொருள் கொள்ளும்போது இரண்டு சொல். தாள் என்பது சிவத்தின் திருவடி, தலை என்பது உயிர். அடியார் வணங்கும் காட்சியே சொல்லுக்குள் அமைந்திருக்கிறது.

அடுத்த குறள் இதையே தருக்கமாகச் சொல்கிறது: "ஒன்றாலும் ஒன்றாது இரண்டாலும் ஓசையெழாது என்றால்ஒன் றன்றிரண்டும் இல்." முழுக்க ஒன்றே என்றால் கூடுதல் என்ற சொல்லுக்கு இடமில்லை. முழுக்க இரண்டாய் நின்றாலும் கூடுதல் நிகழாது.

கடாகாசம் (4)

அத்துவைத வேதாந்தத்தின் தரப்பை வைக்கிறேன். தாடலை அழகான உவமை, ஆனால் அதில் இரண்டு ஒலிகள் மாறி மூன்றாவது ஒலி உண்டாகிறது. சங்கரர் பிரம்மசூத்திர பாஷ்யத்தில், நான்காம் சூத்திரத்தில், இதைத்தான் விலக்குகிறார். செயலின் பயன் நான்கு வகை: புதிதாய் உண்டாதல், அடைதல், திரிதல், செம்மையாதல். மோட்சம் இந்த நான்கில் எதுவும் இல்லை. உண்டானதும் திரிந்ததும் ஒருநாள் அழியும். இரண்டு பொருள் சேர்ந்து ஒன்றாவதை அத்துவைதம் ஒருபோதும் சொல்லவில்லை. குடம் இருக்கும்போதே குடத்துக்குள் உள்ள வெளியும் வெளியே உள்ள வெளியும் ஒரே வெளி. குடம் உடைந்ததால் எதுவும் எதனோடும் சேரவில்லை.

நுகர்பவர் யார் என்ற கேள்வி பழையது. பிருகதாரண்யக உபநிடதத்தில் யாக்ஞவல்கியர் நீரில் கரைந்த உப்புக்கட்டியைச் சொல்லி, "இங்கிருந்து போனபின் உணர்வு இல்லை" என்று முடிக்கிறார். கேட்ட அவர் மனைவி மைத்ரேயி கலங்கிப்போகிறாள், அவள் கேட்டதும் இந்த இழையின் கேள்விதான். அதற்கு அவர் தரும் விடை: இருமை போல் தோன்றும் இடத்தில்தான் ஒருவன் இன்னொன்றைக் காண்கிறான், முகர்கிறான், கேட்கிறான். எல்லாம் ஆன்மாவே ஆன இடத்தில் எதைக்கொண்டு யாரைக் காண்பது? இன்பம் அங்கே சொரூபம். நுகரப்படும் பொருள் அன்று.

திருமண்காப்பு (5)

விசிட்டாத்வைதத்திலிருந்து ஒரு சொல். இந்த விவாதத்தில் "நான்" என்ற ஒரே சொல்லை இரண்டு பொருளுக்குப் பயன்படுத்துகிறோம். இராமாநுசர் ஸ்ரீபாஷ்யத்தின் முதல் அதிகரணத்திலேயே இவற்றைப் பிரித்துவிடுகிறார். அகங்காரம் என்பது பிரகிருதியின் (சடப்பொருளின்) ஒரு தத்துவம், உடலை "நான்" என்று நினைக்க வைப்பது. அது போக வேண்டியது. அஹமர்த்தம் என்பது "நான்" என்று தனக்குத்தானே ஒளிரும் ஆத்மா. அது போகாது. "நான்" அழிவதே மோட்சம் என்று ஒருவனிடம் சொன்னால், மோட்சப் பேச்சின் வாசனை பட்டதுமே அவன் எழுந்து விலகிப் போவான் என்கிறார். மோட்சம் தேடும் எந்த முமுட்சுவும் தன் அழிவுக்காக முயல மாட்டான் என்பது அதன் கருத்து.

ஒருமைக்கு அவர் சொல்லும் வழி உடல்–உயிர் உறவு. சீவன் பரமாத்மாவுக்கு உடல். பிரிந்து தனித்து நிற்க முடியாமை, அதாவது அப்ருதக் சித்தி, அந்த உறவின் பெயர். முத்தர் எல்லா வகையிலும் ஈசுவரனுக்குச் சமம் ஆவதில்லை. பிரம்மசூத்திரத்தின் கடைசிப் பாதம் "ஜகத்வியாபார வர்ஜம்" என்கிறது, உலகை நடத்தும் தொழில் முத்தருக்கு இல்லை. சமம் என்பது போகத்தில் மட்டும்.

மாபாடியம் (6)

கடைசிச் செய்தியில் சித்தாந்தம் உடன்படும். முத்தி பெற்ற உயிருக்குப் படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்ற ஐந்தொழில் கிடையாது. வேறுபடும் இடங்களையும் சொல்லிவிட வேண்டும். வைணவத்தில் சீவன் அணு, சித்தாந்தத்தில் உயிர் வியாபகம், அறிவை மறைக்கும் ஆணவ மலத்தால் அது குறுகி நிற்கிறது. அங்கே பிரம்மமே உலகுக்கு உபாதான காரணமும் (முதற்காரணமும்) ஆகும். இங்கே மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், சிவம் செய்வோனாகிய நிமித்த காரணம் மட்டும்.

கடாகாசம் ஐயா சொன்ன "திரிதல்" தடைக்கு விடை, உவமையை எப்படிப் படிப்பது என்பதில் இருக்கிறது. நூல்களில் வருவது ஒருபுடை உவமை. ஒரு கூறை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட வேண்டும். தாடலையில் எடுத்துக்கொள்வது பிரிப்பின்மை, எழுத்துத் திரிபை அங்கே எடுப்பதில்லை. இந்த விதியை மறந்தால் எந்த உவமையும் ஆசிரியருக்கே எதிராகத் திரும்பும்.

உமாபதி சிவம் சிவப்பிரகாசத்தில் ஒரே செய்யுளில் ஆறு உவமைகளை வரிசையாக வைக்கிறார். முதல் மூன்று விலக்குவதற்கு, பின் மூன்று கொள்வதற்கு.

"பொற்பணி போல்" அபேதம், பொன்னும் நகையும். நகை பொன்னின் திரிபு. உயிரும் அப்படியே என்றால் உயிரின் அழுக்கும் அறியாமையும் சிவத்தின் திரிபாகிவிடும். ஆகவே விலக்கு. "இருள்வெளி போல்" பேதம், இருட்டும் வெளிச்சமும். ஒன்று நிற்கும் இடத்தில் மற்றது நிற்காது. அப்படியானால் சிவம் உயிரைத் தொட்டு அருள வழியே இல்லை. "சொற்பொருள் போல்" பேதாபேதம். பெண்ணைக்கரை வேண்டாம் என்று சொன்ன பாதி பாதி விடை இதுதான், இதையும் அவர் விலக்கிவிட்டார்.

கொள்பவை "உடலுயிர், கண்ணருக்கன், அறிவொளி". உடலும் உயிரும் கலந்து நிற்பதால் ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்தால் உயிர்தான் "ஏன்" என்கிறது: ஒன்றாதல். கண்ணுக்கு ஒளி இருந்தும் சூரியன் இல்லாமல் காணாது, ஆனாலும் கண் சூரியன் ஆகாது: வேறாதல். கண்ணின் ஒளியும் உயிரின் அறிவும் ஒரே நேரத்தில் ஒரே பொருளைச் சென்று பற்றுகின்றன: உடனாதல்.

நுகர்பவர் யார் என்பதற்கு விடை மூன்றாம் உவமையில் இருக்கிறது. சிவஞான போதத்தின் பதினோராம் சூத்திரம் அதை விரிக்கிறது: "காணும் கண்ணுக்குக் காட்டும் உளம்போல் காண உள்ளத்தைக் கண்டு காட்டலின்." உயிர் கண்ணுக்குக் காட்டுகிறது, தானும் கூடவே காண்கிறது. காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று இதைப் பிரிப்பார்கள். ஒரு கோலத்தைப் பார்க்கும்போது கண் தன்னைப் பார்ப்பதில்லை. "இது என் பார்வை, இது உயிரின் பார்வை" என்று வகுத்துக்கொள்வதும் இல்லை. ஆனாலும் கண் அழிந்துவிடவில்லை. முத்தியில் உயிர் நிற்கும் நிலை அந்தக் கண் நிற்கும் நிலை போன்றது. நுகர்வோர் உண்டு, நுகர்கிறேன் என்ற தற்போதம் இல்லை.

பெண்ணைக்கரை (7)

இது தெளிவாக இருக்கிறது, நன்றி. இன்னொன்று. முத்தியிலும் ஆணவ மலம் உண்டு என்று படித்தேன். மலமும் இருக்கிறதென்றால் கட்டிலிருந்து விடுபட்டது எப்படி?

சங்கற்பம் (8)

உண்மை விளக்கத்தில் மனவாசகங்கடந்தார் நேராகவே சொல்லும் செய்தி அது: "முத்திதனில் மூன்று முதலும் மொழியக்கேள்." இன்பத்தைத் துய்ப்பது உயிர், கொடுப்பது இறை, விளைவிப்பது மலம். மலம் அனாதியான உள்பொருள், ஆகவே அழிக்க முடியாது. அழிவது அதன் மறைக்கும் சத்தி மட்டும். பகலில் விண்மீன்கள் இல்லாமல் போவதில்லை, சூரிய ஒளியில் அடங்கி நிற்கின்றன. வறுத்த வித்து வித்தாகவே இருக்கும், முளைக்காது.

ஒருமையைத் தவறாகப் புரிந்துகொண்டால் எங்கெங்கே போய்ச் சேருவோம் என்பதற்கு உமாபதி சிவத்தின் சங்கற்ப நிராகரணத்தைப் படியுங்கள். நூலிலேயே சக ஆண்டு 1235 என்று குறிப்பு இருக்கிறது, கி.பி. 1313. சைவ சித்தாந்தத்தின் பதினான்கு சாத்திரங்களில் காலம் இவ்வளவு திட்டமாகத் தெரிவது அரிது என்பதால் ஆய்வாளர்களுக்கு அது பெரிய பிடிமானம். ஒன்பது வாதங்களை அதில் எடுத்துக்கொள்கிறார். நம் கேள்விக்கு நான்கு முக்கியம்.

ஐக்கியவாதி ஆணவ மலத்தை ஒப்புக்கொள்ளாமல், நீரோடு நீர் போல உயிர் சிவத்தில் கலக்கும் என்பான். கலந்தபின் பேறு பெற்றவர் யாரும் மிஞ்சுவதில்லை. பாடாணவாதி முத்தியில் உயிர் கல்லைப் போல உணர்வற்றுக் கிடக்கும் என்பான். துன்பம் போனது சரி, இன்பமும் போய்விட்டது. சிவசமவாதி முத்தர் சிவத்துக்குச் சமமாகி ஐந்தொழிலும் செய்வார் என்பான். பேதவாதி கடைசிவரை தள்ளியே நிறுத்துவான். முதல் இருவரிடம் தனித்தன்மை தொலைகிறது, பின் இருவரிடம் ஒருமை தொலைகிறது. நான்கிலும் மோசமானது எது என்று கேட்டால் சிவசமவாதம் என்பேன். மற்றவை கருத்துப் பிழைகள். இது ஆணவமே வேடம் மாற்றி முத்தியின் பெயரில் உட்காருவது.

அஞ்செழுத்து (9)

சாதனையில் அந்த வேடம் எந்தப் படியில் நுழைகிறது என்பதையும் நூல்கள் சுட்டுகின்றன. ஆறே செய்யுள் கொண்ட உண்மைநெறி விளக்கம் தசகாரியத்தை, அதாவது சாதனையின் பத்துப் படிகளை, சொல்கிறது. தத்துவரூபம், தத்துவதரிசனம், தத்துவசுத்தி, ஆன்மரூபம், ஆன்மதரிசனம், ஆன்மசுத்தி, சிவரூபம், சிவதரிசனம், சிவயோகம், சிவபோகம் என்று பத்து.

முதல் மூன்றில் முப்பத்தாறு தத்துவங்களையும் இனம் கண்டு, அவை சடம் என்று உணர்ந்து, "இவை நான் அல்ல" என்று நீங்குவது. ஆன்ம தத்துவம் 24, வித்தியா தத்துவம் 7, சிவ தத்துவம் 5. இவை விலகியதும் உயிரின் அறிவு தடையின்றி விரிந்து தோன்றும். அதற்குமுன் உடலளவில் குறுகிக் கிடந்த அறிவு அது. ஆன்மதரிசனத்தின் இந்த இடத்தில்தான் "நானே பிரமம், எங்கும் நானே" என்ற எண்ணம் எழும். காண்பது தன் அறிவின் விரிவு, அதையே சிவம் என்று கொண்டால் சாதனை அங்கேயே நின்றுபோகும். அடுத்த படியான ஆன்மசுத்தி, இந்த விரிந்த அறிவும் அருள் காட்டவே காண்கிறது என்று உணர்ந்து அதற்குள் அடங்குவது.

செய்முறையை அருணந்தி சிவம் தம் நூலான சிவஞான சித்தியார் ஒன்பதாம் சூத்திரத்தில் ஒரே செய்யுளில் அடக்கியிருக்கிறார். முதலில் "கண்ட இவை அல்லேன் நான்" என்று தத்துவங்களை விட்டு அகல்தல். அடுத்து "கழிபரமும் நான் அல்லேன்", பரம்பொருளும் நான் அல்ல என்று கருதுதல். அதற்குப் பின் கசிந்த தொண்டு. அதற்கும் பின்புதான் "சோகம்" என்ற பாவனை, அதாவது "அவன் நான்" என்பது. கருட தியானம் செய்யும் மாந்திரிகன் விடத்தை நீக்குவதை உவமையாகத் தருகிறார். மாந்திரிகன் பாவனையில் கருடனோடு ஒன்றி நிற்கிறான், விடம் இறங்குகிறது. அவனுக்குச் சிறகு முளைப்பதில்லை.

பிழை நேர்வது இரண்டாம் படியை விட்டுவிடும்போது. "இவை அல்லேன்" என்பதிலிருந்து நேரே "சோகம்" என்பதற்குத் தாவினால் முந்தைய பதிவில் சொன்ன சிவசமவாதத்தில்தான் போய் விழ வேண்டும்.

ஐந்தெழுத்திலும் இதே ஒழுங்கு. சி சிவம், வா அருள், ய உயிர், ந திரோதம் (சிவத்தின் மறைக்கும் ஆற்றல்), ம மலம். "சிவாயநம" என்று ஓதும்போது உயிராகிய யகரத்துக்கு ஒருபுறம் அருளும் மறுபுறம் திரோதமும் நிற்கும். திருவருட்பயன் இன்னும் ஒரு படி போகிறது: "ஆசில் நவாநாப்பண் அடையாது அருளினால் வாசியிடை நிற்கை வழக்கு." யகரம் ந, வா இரண்டுக்கும் நடுவே நிற்காமல் வா, சி இரண்டுக்கும் நடுவே நிற்க வேண்டும். "சிவாயசிவ" என்று ஓதிப் பார்த்தால் அப்படித்தான் அமைகிறது. இருபுறமும் சிவமும் அருளும் சூழ்ந்திருக்க, யகரம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இந்த ஓதுமுறையை நூலைப் பார்த்துத் தொடங்கக் கூடாது, குருவிடம் உபதேசமாகப் பெறுவதே மரபு. இங்கே எழுதியது எழுத்துகளின் நிலையைக் காட்டுவதற்காக மட்டும்.

கடாகாசம் (10)

ஒரு திருத்தம். ஆன்மதரிசனத்தில் நின்றுவிடும் "நானே எங்கும்" என்ற எண்ணத்தை அத்துவைதம் ஞானம் என்று சொல்வதில்லை. அதுவும் அந்தக்கரணத்தின் விருத்தி, மனத்தில் எழும் ஓர் எண்ண நிலைதான். "அகம் பிரம்மாஸ்மி"யில் அகம் என்பதற்கு நேர்ப்பொருளை விட்டு இலக்கணைப் பொருள் கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் அவ்வளவு உரை எழுதப்பட்டது. அகங்காரத்தைப் பிரம்மமாக்குவது எங்கள் நூல்களிலும் கண்டிக்கப்பட்டதே.

மாபாடியம் (11)

ஏற்றுக்கொள்கிறேன், அந்த வேறுபாட்டை இங்கே பதிந்தது நல்லது. பிரச்சினை அதற்கு முந்தைய படியில் இருக்கிறது. அத்துவைதம் சொல்லும் அவித்தை என்ற அறியாமை யாரைப் பற்றியது? அத்துவைதத்துக்குள்ளேயே வாசஸ்பதி மிச்ரரின் பாமதி மரபு சீவனைப் பற்றியது என்கிறது, விவரண மரபு பிரம்மத்தைப் பற்றியது என்கிறது. சீவன் என்றால், சீவனே அவித்தையால் வந்தவன் அல்லவா என்று கேட்போம். பிரம்மம் என்றால் அறிவே வடிவானதற்கு அறியாமை எப்படி என்று கேட்போம். சித்தாந்தம் ஆணவத்தை மூன்றாவது அனாதிப் பொருளாக வைத்தது இதைத் தீர்க்கத்தான். இதற்கு உங்கள் தரப்பில் விரிவான விடைகள் உண்டு என்பதும் தெரியும். அது தனி இழையாக நடக்க வேண்டிய அளவுக்குப் பெரியது.

உப்பு உவமைக்கு மட்டும் ஒரு சொல். சித்தியார் பதினோராம் சூத்திரத்திலும் "அப்பணைந்த உப்பு" வருகிறது. யாக்ஞவல்கியரின் உப்பில் நீங்கள் எடுப்பது கட்டி என்ற வடிவம் போனதை. நாங்கள் எடுப்பது நீரின் எந்தத் துளியை நாவில் வைத்தாலும் உப்பின் சுவை இருப்பதை.

பெண்ணைக்கரை (12)

நான் புரிந்துகொண்டது: அகங்காரம் போகிறது, உயிர் இருக்கிறது. "நான்" என்று எழும்பி நிற்பது அடங்குகிறது, அறிவது தொடர்கிறது. முத்தியில் உயிர் சிவத்தின் ஒரு பகுதியாகிறது. சரிதானா?

மாபாடியம் (13)

முதல் இரண்டும் சரி. "பகுதி" என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். சிவத்துக்குப் பகுதிகள் இல்லை, இருந்தால் அது கூட்டுப்பொருளாகி அழியும். உயிர் எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகும் பளிங்கு போன்றது. மலத்தைச் சார்ந்தபோது மலத்தின் வண்ணம், சிவத்தைச் சார்ந்தபோது சிவத்தின் வண்ணம். சார்தலைப் பகுதியாதல் என்று சொல்ல மாட்டோம்.

அடுத்து சிவஞான போதத்தின் எட்டாம் சூத்திரத்தை எடுங்கள். ஐம்புல வேடரிடம் வளர்ந்த அரசகுமாரனைத் தந்தை மீட்கும் உவமை அது. முடிவில் "அன்னியம் இன்மையின் அரன்கழல் செலுமே" என்று வருகிறது. இரண்டாம் சூத்திர வார்த்திகத்தின் "அந்நிய நாத்தி"யும் இந்த "அன்னியம் இன்மை"யும் ஒரே கருத்து. மகன் தந்தையிடம் போகிறான், தந்தையாக மாறிவிடுவதில்லை. வேடர் சேரியில் வளர்ந்த காலத்திலும் அவன் அந்த வீட்டுப் பிள்ளைதான்.